சித்தியின்ர முழங்காலும் ஒம்பது பெறாமக்களும்

ஸ்பானிஷ்ல "போறது" எண்ட சொல்லைப் போல ஒரு கள்ளச் சொல்லை நான் இதுவரைக்கும் காணேல்ல. பேர் "இர்". ரெண்டே ரெண்டு எழுத்து. பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும். "நான் போறன்" எண்டு சொல்லப் போனா அது "வோய்" ஆகிடும். சரி, அதாவது பரவாயில்ல. "நீ போகோணும் எண்டு ஆசைப்படுறன்" எண்டு சொல்லப் போனா அதே சொல்லு "வாயாஸ்" ஆகி நிக்கும். இர், வோய், வாயாஸ். மூண்டும் ஒரே குடும்பமாம். வெள்ளவத்தையில ஒரே ஃப்ளாட்டைப் பங்கு போட்டு வாடகைக்கு இருக்கிற மூண்டு பேர் கூட இதைவிடக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி இருப்பினம்.

இந்த மூண்டாவது உருவத்துக்குப் பேர் சப்ஜங்டிவ். ஆசை, பயம், சந்தேகம், நேர்த்திக்கடன், இப்பிடி இன்னும் நடக்காத ஒண்டைப் பற்றிக் கதைக்கிற நேரமெல்லாம் ஸ்பானிஷ்காரர் வினைச்சொல்லுக்கு உடுப்பு மாத்தி விடுவினம். வாயா, வாயாஸ், வாயா, வாயாமோஸ், வாயாயிஸ், வாயான். நான், நீ, அவா, நாங்கள், நீங்கள், அவை. ஓம், தமிழ்ல கேக்க ஆரையோ மரியாதை இல்லாமக் கூப்பிடுற மாதிரித்தான் இருக்கும். அந்தப் பகிடியை எங்கட வீட்டில எல்லாரும் சொல்லி முடிச்சிட்டினம். நான் திருப்பிச் சொல்லப் போறதில்ல.

இதை நான் ஏன் பாடமாக்கினனான் எண்டா, ஸ்பெயின்ல ஒரு கம்பஸ் என்னை மாஸ்டர்ஸுக்கு எடுத்திருந்தது. ஒரே ஒரு கண்டிஷன். ஸ்பானிஷ்ல பி-வன் சேர்டிபிகட் கொண்டு வரோணும். அடுத்த தடவை சோதினை வைக்கிறது அட்மிஷன் மூடினாப் பிறகு. அப்ப எனக்கு ஒரே ஒரு சான்ஸ். எழுத்துப் பேப்பர் நல்லாச் செய்திட்டன். ஓரல் மட்டும் மிச்சம். ஓரல் கோட்டை விட்டா எல்லாம் கோட்டை.

என்ர அம்மா அதுக்கு முதலே ஃப்ளாட் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா.

"அம்மா, நான் இன்னும் பாஸ் பண்ணேல்ல."

"அதுக்கென்ன, பண்ணுவாய்தானே. மூண்டாம் மாடி ஆன்ட்டி லிஃப்ட்ல கேட்டவா. சொல்லிட்டன்."

"என்னெண்டு?"

"செப்டெம்பர்ல போறாள் எண்டு."

"ஃபெயில் எண்டா?"

"ஃபெயில் எண்டா நாங்கள் இனிப் படியால ஏறி இறங்குவம். லிஃப்ட்ல ஆக்களின்ர முகத்தில முழிக்கேலாது."

நாங்கள் இருக்கிறது ஏழாம் மாடி. அம்மா பகிடிக்குச் சொல்லேல்ல.

எங்கட ஸ்பானிஷ் வகுப்பில ஒம்பது பேர். பம்பலப்பிட்டியில ஒரு சலூனுக்கு மேல, ஏசி அரைவாசி வேலை செய்யிற ஒரு அறை. சிங்களப் பிள்ளையள் நாலு பேர், முஸ்லிம் பொடியன்கள் ரெண்டு, தமிழ் ஆக்கள் மூண்டு. அதில ஒருத்தன் கொட்டாஞ்சேனைப் பொடியன். எனக்கு நல்ல கூட்டாளி, பொம்பிளைப் பிள்ளை எண்டும் பார்க்காம என்னையும் மச்சான் எண்டுதான் கூப்பிடுவான். நான் "வந்தனான்" எண்டுவன், அவன் "வந்தேன்" எண்டுவான். என்ர தமிழைக் கேட்டா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்காம். அவன்ர தமிழைக் கேட்டா எனக்குப் படம் பார்க்கிற மாதிரி. ஸ்பானிஷ்ல மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி மோசம்.

இப்ப நான் செய்த வேலையைச் சொல்றன். அதுக்கு முதல் ஒரு விஷயம் விளங்கோணும். நான் வெள்ளவத்தை டியூஷன்ல வளந்த பிள்ளை. ஆறாம் வகுப்பில இருந்து ஏ-எல் வரைக்கும் சனி ஞாயிறு எண்டு ஒண்டு எனக்கு இருக்கேல்ல. அங்க படிப்பிக்கிறது பாடம் இல்ல, சோதினை. எந்தக் கேள்வி வரும், எந்தக் கேள்வி போன வருஷம் வந்திட்டுது, எந்தக் கட்டுரையைப் பாடமாக்கினா எல்லாத் தலைப்புக்கும் திருப்பி விடலாம். சேர்மார் டியூட் எண்டு அச்சடிச்சுத் தருவினம். நாங்கள் அதை விழுங்கிப் போட்டு ஹோல்ல போய்த் துப்பிப் போட்டு வருவம். நான் அப்பிடித்தான் மூண்டு ஏ எடுத்தனான். என்ர மூளையில வேற சிஸ்டம் கிடையாது.

அப்ப ஸ்பானிஷ் ஓரலுக்கும் அதைத்தான் செய்தனான். முந்தி எழுதின ஆக்களைப் பிடிச்சு என்ன கேட்டவை எண்டு விசாரிச்சன். குடும்பம், சுகம், லீவு, எதிர்காலத் திட்டம். நாலே நாலு. எது கேட்டாலும் கொண்டு போய்ச் சேர்க்கிற மாதிரி ஒரு கதை எழுதினா சரி. அதுக்குள்ள சப்ஜங்டிவை அள்ளிக் கொட்டினா மார்க்ஸ் தானா வரும்.

கதைக்கு ஒரு ஆள் வேணும். அப்பத்தான் என்ர சித்தி ஞாபகம் வந்தவா.

சித்தி அம்மான்ர தங்கச்சி. கொட்டாஞ்சேனையில இருக்கிறா, என்ர கூட்டாளி வீட்டில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி. கொஞ்ச நாளா அவாக்கு முழங்கால் நோ. எல்லாரும் டொக்டரிட்டப் போங்கோ போங்கோ எண்டினம், அவா போறா இல்ல. இதைவிட நல்ல சப்ஜங்டிவ் கதை ஆருக்குக் கிடைக்கும்? "கியேரோ கே மி தியா வாயா அல் மெதிகோ": என்ர சித்தி டொக்டரிட்டப் போகோணும் எண்டு ஆசைப்படுறன். "மி தியோ நோ கியேரே கே வாயாமோஸ் கொன் எய்யா": நாங்கள் அவாவோட போறது சித்தப்பாக்கு விருப்பமில்ல. "எஸ்பேரோ கே தோதோ வாயா பியென்": எல்லாம் நல்லபடி போகோணும். குடும்பம் கேட்டா சித்தி. சுகம் கேட்டா சித்தின்ர முழங்கால். லீவு கேட்டா, சித்தின்ர முழங்காலால லீவுக்கு ஒரு இடமும் போகேலாமப் போச்சு. எதிர்காலம் கேட்டா, நான் ஸ்பெயின் போக முதல் சித்தி நடக்கோணும். சித்தப்பா உண்மையில ஒரு ஈயைக் கூட ஒண்டும் சொல்லாத மனுஷன். ஆனா கதைக்கு வில்லன் தேவை. மனுஷனைக் கேக்காமலே அந்த வேஷத்தைக் குடுத்திட்டன்.

"நீங்கள்" எண்டதுக்கு வாற "வாயாயிஸ்" மட்டும் கதைக்குள்ள அடங்கேல்ல. அது வராது எண்டு நானே முடிவெடுத்து வெட்டிட்டன். டியூஷன் சேர்மார் அப்பிடித்தான் செய்வினம்.

இவ்வளவோட நிப்பாட்டியிருந்தா நான் புத்திசாலி. நிப்பாட்டேல்ல. எழுதி முடிச்சுப் பார்த்தா அவ்வளவு வடிவா இருந்துது. இதை நான் மட்டும் வச்சிருந்தா நான் கெட்டிக்காரி எண்டு ஆருக்குத் தெரியும்? வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல போட்டன். போட்டது மட்டுமில்ல, ஒம்பது கொப்பி எடுத்து, ஸ்டேப்ளர் அடிச்சு, முன் பக்கத்தில "வெற்றி நிச்சயம்" எண்டு மூண்டு பாஷையிலயும் போட்டுக் கையில குடுத்தனான். காலி வீதிச் சுவர் போஸ்டரில கையைக் கட்டிக்கொண்டு நிக்கிற சேர்மாருக்கு எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

கொட்டாஞ்சேனைப் பொடியன் வாசிச்சுப் போட்டு மட்டும் ஒண்டு கேட்டான்.

"மச்சான், எல்லாருக்குமே ஒரே சித்தியா?"

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கேட்டவன் அதோட விட்டிருக்கக் கூடாது. நானும் அதோட விட்டிருக்கக் கூடாது. ஏ-எல் எண்டா லட்சக்கணக்கான பேப்பர். என்ர கட்டுரையும் பக்கத்து மேசைக்காரியின்ர கட்டுரையும் ஒருத்தரிட்டயே போய்ச் சேர்றது லொத்தர் விழுற மாதிரி. இஞ்ச ஒம்பது பேர். ஒரு அறை. ஒரே ஒரு மனுஷி. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். எங்களில ஒருத்தருக்கும் இது ஓடேல்ல. ஒம்பது பேரும் டியூஷன் பிள்ளையள்.

சோதினை அண்டைக்குப் பேர் ஒழுங்கில நான் கடைசி. கொரிடோரில வாங்கு ஒண்டு, அதில வரிசையா இருந்தம். உள்ளுக்கு இருந்து கேள்வி கேக்கிறவா ஸ்பெயின்ல இருந்தே வந்தவாவாம்.

முதல் போனவள் ஒரு சிங்களப் பிள்ளை. சிரிச்சுக்கொண்டு வந்தாள். "ஷோக்காப் போச்சு. சித்தி வேலை செய்றா." நான் காலுக்கு மேல கால் போட்டன். ரெண்டாவதும் சிரிப்பு. மூண்டாவது வந்தவன் "அவா ஒரு மாதிரிப் பார்த்தவா, ஆனா ஓகே" எண்டான். நாலாவது வந்தவள் என்னைத் தேடி வந்து காதுக்குள்ள, "எந்தக் கால் எண்டு கேட்டவா. டியூட்ல இடதுதானே?" எண்டாள். ஓம் எண்டன். காலை இறக்கி வச்சன்.

அஞ்சாவது முஸ்லிம் பொடியன். முகம் வெளிறிப் போய் வந்தான்.

"நான் 'என்ட சாச்சி' எண்டு தொடங்கினேன். மிச்சத்த அவவே சொல்லி முடிச்சிட்டா."

"முழுக்கவோ?"

"முழுக்க. சாச்சப்பாவயும் சேர்த்து."

ஆறாவது என்ர கூட்டாளி. போகேக்க சிலுவை போட்டுக்கொண்டு போனான். காலமையே கொச்சிக்கடைக் கோயிலில மெழுகுதிரி கொளுத்திப் போட்டுத்தான் வந்தவன். உள்ளுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டுது. அது அவன்ர சிரிப்பில்ல.

வெளிய வந்து எனக்குப் பக்கத்தில இருந்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே கதைச்சான்.

"மச்சான், கோவிக்காத."

"என்ன செய்தனி?"

"ஏன் எல்லாருக்கும் ஒரே சித்தின்னு கேட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் வரல. நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்லிட்டேன்."

"ஒம்பது பேருமோ?"

"ஒம்பது பேரும். சித்தியோட அக்கா தங்கச்சி பிள்ளைங்க, பெறாமக்கள்னு."

வாங்கைப் பார்த்தன். நெத்தியில பொட்டு வச்ச நான், கழுத்தில சிலுவையோட அவன், தொப்பி போட்டவன் ஒருத்தன், வெள்ளைச் சட்டையோட சிங்களப் பிள்ளையள். சித்திக்கு நல்ல பரந்த மனசு.

ஏழாவதும் எட்டாவதும் சித்தியைத் தொடாமல் தப்பப் பார்த்தவை. வேற ஒண்டும் பாடமில்ல. ரெண்டு பேரும் கடைசியில முழங்காலில வந்துதான் விழுந்தவை. நான் வாங்கில இருந்து அவசரமா ஒரு மாமா, ஒரு நாய், ஒரு விபத்து எண்டு புதுக் கதை கட்டிப் பார்த்தன். சொல்லு ஒண்டும் சேரேல்ல. எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் முழுக்க அந்த ஒரு மனுஷின்ர காலுக்குள்ள இருந்துது. மனசில அட்மிஷன் லெட்டர் ஓடிச்சுது. ஏழு மாடிப் படி ஓடிச்சுது. என்ர பேரைக் கூப்பிட்டினம்.

மேசைக்கு அங்கால இருந்தவாக்கு ஒரு அம்பது வயசு மதிக்கலாம், கண்ணாடி மூக்கு நுனியில. அவா கதைச்சதெல்லாம் ஸ்பானிஷ்தான். என்ர காதுக்கு வந்த மாதிரிச் சொல்றன்.

"இருங்கோ. உங்கட சித்திக்கு முழங்கால் நோ. இடது பக்கம். சித்தப்பா விடுறார் இல்ல. எனக்குத் தெரியும். காலமை தொடக்கம் நானும் அந்தக் குடும்பத்தில ஒரு ஆள்தான்."

நான் சிரிக்கப் பார்த்தன். வரேல்ல.

"எட்டுப் பேரும் சித்தி போகோணும் போகோணும் எண்டீங்கள். சித்தி என்ன ஆசைப்படுறா எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இப்ப நீங்கள் சித்தி. நான் உங்கட பெறாமகள். சித்தி, டொக்டரிட்டப் போங்கோ. சொல்லுங்கோ பாப்பம், ஏன் போறீங்கள் இல்ல?"

டியூட்ல சித்திக்கு வசனம் ஒண்டும் நான் எழுதேல்ல. அவா அதில கால் மட்டும்தான்.

ஆனா பதில் எனக்குத் தெரியும். அதுதான் பெரிய கரைச்சல். ஒரு மாசத்துக்கு முதல் சித்தி வீட்டுக் குசினியில, நான் ஃபோனை நோண்டிக்கொண்டு இருக்கேக்க, அவா மரக்கறி வெட்டிக்கொண்டு சொன்னவா. நான் "ம்" எண்டு போட்டு விட்டிட்டன். கதை எழுதேக்க எனக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன்.

சொல்லத் தொடங்கினன். இலக்கணம் எல்லாம் நாறிப் போச்சு. ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண், நேற்றுக்கு நாளைக்கு. ஆனா நிப்பாட்டேல்ல. எல்லாரும் என்னைப் போ எண்டினம், ஒருத்தரும் நான் வாறன் எண்டு சொல்லினம் இல்ல எண்டன். ஆஸ்பத்திரியில காலமை அஞ்சு மணிக்குப் போய் நம்பர் எடுக்கோணும் எண்டன். அங்க கதைக்கிறது சிங்களத்தில, எனக்குக் கடையில சாமான் வாங்கிற சிங்களம்தான் தெரியும், முழங்காலுக்குள்ள என்ன செய்யுது எண்டு சொல்லத் தெரியாது எண்டன். பெறாமக்கள் வருவினம், டீ குடிப்பினம், புத்தி சொல்லுவினம், போவினம் எண்டன்.

"அப்ப நாங்கள் என்ன செய்யோணும், சித்தி?" எண்டு அவா கேட்டா.

"கியேரோ கே ஓஸ் வாயாயிஸ் தோதோஸ்" எண்டன். நீங்கள் எல்லாரும் எழும்பிப் போகோணும். நான் வெட்டி எறிஞ்ச அதே உருவம். எங்க இருந்து வந்தது எண்டு சத்தியமாத் தெரியாது.

அவா கண்ணாடியைக் கழட்டி வச்சுப்போட்டுச் சிரிச்சா. பிறகு கனநேரம் எழுதினா. எழுதினது நல்லதோ கூடாததோ எண்டு தலைகீழா வாசிக்கப் பார்த்தன். எழுத்து விளங்கேல்ல.

வெளிய எட்டுப் பேரும் சுத்தி நிண்டவை. "என்ன கேட்டவா?" "சித்தியைக் கேட்டவா" எண்டன். ஒருத்தரும் சிரிக்கேல்ல.

வீட்ட போக மனமில்ல. அம்மா கேப்பா. கூட்டாளியோட, கொட்டாஞ்சேனையால போற மட்டக்குளி பஸ்ஸில ஏறி நேரா சித்தி வீட்ட போனன். போய் நடந்ததை ஒண்டும் ஒளிக்காமச் சொன்னன். சொல்லாட்டி என்ர வாய் வெடிச்சிருக்கும். சித்தி கதிரையில காலை நீட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டா.

"என்ர முழங்காலை வச்சு ஒம்பது பேர் பாஸ் பண்ணப் போறியளோ?"

"பாஸோ எண்டு தெரியாது சித்தி."

"சித்தப்பா விடுறார் இல்ல எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"பொய்தான். ஆனா நல்ல பொய்." உள் அறைப் பக்கம் தலையைத் திருப்பி, "கேட்டதே, ஸ்பெயின் வரைக்கும் உங்கட பேர் நாறிப் போச்சு" எண்டா. உள்ளுக்கு இருந்து சித்தப்பா "நல்லது" எண்டார். அவருக்கு என்ன எண்டே கேட்டிருக்காது.

"இடது கால் எண்டு தெளிவாச் சொல்லியிருக்கிறம் ஆன்ட்டி, ஒம்பது பேரும் ஒரே மாதிரி" எண்டான் கூட்டாளி, அதில பெருமைப்பட ஏதோ இருக்கிற மாதிரி.

"வலது கால் தம்பி" எண்டா சித்தி.

நான் எழும்பித் தண்ணி குடிக்கப் போனன். திரும்பி வரேக்க சித்தி என்னைப் பார்க்காமல், "வாற செவ்வாய் ஆஸ்பத்திரியில கிளினிக் இருக்காம்" எண்டா. அவ்வளவுதான். நீ வா எண்டும் சொல்லேல்ல.

செவ்வாய்க்கிழமை போனன். காலமை அஞ்சு மணிக்கு எங்களுக்கு முதலே நாப்பது பேர் நிண்டினம். நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில இருந்தம். சித்தி கொண்டு வந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டம். விடிஞ்சு, வெயில் ஏறி, பத்து மணி போல ஃபோன் அடிச்சுது. ஈமெயில். திறந்து பார்த்தா "ஆப்தா". பாஸ். ஓரல் மார்க்ஸ் மட்டும் கோட்டில நிண்டுகொண்டு எட்டிப் பார்க்குது. கொஞ்சம் காத்தடிச்சிருந்தா விழுந்திருக்கும்.

குரூப்பைப் பார்த்தன். ஒம்பது பேரும் பாஸ். மற்ற எட்டுப் பேருக்கும் ஓரல் என்னைவிடக் கூட. நான் எழுதி, நான் ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்த கதையைச் சொல்லி என்னைவிடக் கூட.

"என்னவாம்?" எண்டா சித்தி.

"பாஸ் சித்தி. போறன்."

அவா என்ர கன்னத்தைக் கிள்ளினா. சந்தோஷம்தான். பிறகு நம்பர் துண்டை மடிச்சு விரிச்சுக்கொண்டு, "செப்டெம்பர்ல தானே?" எண்டா.

"ஓம்."

"அடுத்த கிளினிக் ஒக்டோபராம். முன்னுக்கு இருக்கிற மனுஷி சொல்லுது."

கூட்டாளிக்குக் கோல் எடுத்தன். அவன் தன்ர மார்க்ஸைச் சொல்லத் தொடங்கினான். நிப்பாட்டினன்.

"ஒக்டோபர்ல சித்தியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறது நீ."

"நானா? ஏன் மச்சான்?"

"சொந்தக்காரன் எண்டு சோதினையில சத்தியம் பண்ணினது நீதானே. ஸ்பெயின்ல பதிஞ்சு வச்சிருக்கினம்."

"எத்தன மணிக்கு?" எண்டான்.

சித்தி ஃபோனைப் பறிச்சா. "அஞ்சு மணிக்கு தம்பி. சிங்களம் நல்லாக் கதைப்பீரோ?"

"கதைப்பேன் ஆன்ட்டி."

"அப்ப சரி."

எங்கட நம்பரைக் கூப்பிட்டினம். நானும் எழும்பினன். சித்தி என்ர தோளைப் பிடிச்சு எழும்பி, கதவு வரைக்கும் அப்பிடியே நடந்து வந்து, அங்க கையை எடுத்தா.

"நீ இஞ்ச நில்லு. உள்ளுக்கு நேர்ஸ் மிஸ்ஸி தமிழ் கதைக்கிறா போல கிடக்கு, நான் சொல்லிக்கொள்ளுவன். நீ வந்தா டொக்டருக்கும் ஏதாவது கதை எழுதிக் குடுத்திடுவாய்."